பாம்பைக் கண்டதும் லென்ஸ் மாற்றாதீர்கள்

தென்னாப்பிரிக்காவில் க்ரூகர் தேசியப் பூங்கா, கலஹாரி பாலைவனம் பக்கம் பறவைகளைப் படம் பிடிக்கப் போகிறவர்கள், பாம்பு கண்ணில் பட்டதும் நீள லென்ஸைக் கழற்றிவிட்டு, மிக நெருங்கி எடுப்பதற்கான மேக்ரோ லென்ஸை மாட்டிக்கொண்டு கிட்டே போகிறார்கள். இருப்பதிலேயே பெரிய தவறு இதுதான். 100 மி.மீ. மேக்ரோவில் தலை மட்டும் நிறைவாக வர வேண்டுமானால் கைக்கெட்டும் தூரத்துக்குப் போயாக வேண்டும். பஃப் ஆடர் விரியன் சருகோடு சருகாகக் கிடப்பதைப் பார்த்து மந்தமான பாம்பு என்று நினைத்துவிடுகிறோம். அது கொத்தும் வேகத்தில் கையை இழுக்கவே நேரமிருக்காது. 400 மி.மீ. லென்ஸே போதும். தாழ்ந்த கோணம் வேண்டுமென்றால் கேமராவை மட்டும் இறக்கி, மடக்குத் திரையில் பாருங்கள். குப்புறப் படுத்துவிட்டால் சட்டென்று விலக முடியாது.

மொசாம்பிக் துப்பும் நாகத்துக்கு இந்தக் கணக்கும் போதாது. இரண்டு மூன்று மீட்டர் தள்ளி நின்றாலும் கண்ணைக் குறிவைத்து விஷத்தைப் பீய்ச்சும். கேமரா மறைப்பது ஒரு கண்ணைத்தான், இன்னொன்று திறந்தே இருக்கிறது! பக்கமும் மூடிய கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். பட்டுவிட்டால் தேய்க்காமல் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவி, உடனே டாக்டரிடம் போக வேண்டும். ரிங்கால்ஸ் பாம்பு வாயைப் பிளந்து மல்லாந்து கிடந்தால், செத்துவிட்டதென்று குச்சியால் புரட்ட வேண்டாம். அது நடிப்பாக இருக்கலாம்.

கொண்டைக்குருவியும் கரிச்சானும் ஒரே மரத்தில் கூடிக் கத்தினால் அவசரப்பட்டுப் புதருக்குள் நுழையாதீர்கள். அவை விரட்டுவது பூம்ஸ்லாங் என்ற விஷமுள்ள மரப்பாம்பாக இருக்கலாம். சாதுதான், ஆனால் 1957இல் சிகாகோவில் பாம்பியல் அறிஞர் கார்ல் ஷ்மிட் உயிரிழந்தது ஓர் இளம் பூம்ஸ்லாங் கடித்துத்தான். தள்ளி நின்றால் பறவையும் பாம்பும் ஒரே படத்தில் கிடைக்கும், அதைவிட என்ன வேண்டும்? கலஹாரியில் கூட்டாக வாழும் சோஷியபிள் வீவர் குருவிகளின் வைக்கோல்போர் போன்ற கூட்டுக்கடியில் நிழலுக்கு ஒதுங்குவதும் வேண்டாம். முட்டைக்கும் குஞ்சுக்கும் கேப் நாகம் அங்கே ஏறும்.

க்ரூகரில் அனுமதித்த இடம் தவிர வேறெங்கும் வண்டியை விட்டு இறங்கக் கூடாது. பாம்பு சாலையைக் கடந்தாலும் அதே விதிதான். இன்ஜினை அணைத்துவிட்டு, லென்ஸைத் தாங்க ஜன்னலில் பீன் பேக் என்ற சிறு பையை வைத்து எடுங்கள்.

பனங்காடை பறக்கும்போது துரத்திப் படமெடுக்காமல், அது விட்டுப் போன கிளையிலேயே ஃபோகஸை வைத்துக் காத்திருங்கள். பெரும்பாலும் திரும்பி வரும். கூட்டருகே ஃப்ளாஷ், அலைபேசியில் பறவைக் குரலை ஒலிக்கவிடுவது, இரண்டுமே வேண்டாம்.

அப்புறம், படத்தைப் பதிவேற்றும் முன் இடத் தகவலை நீக்குங்கள். கிழக்கு கேப் மாகாணத்தின் ஆல்பனி விரியன் போன்ற அரிய பாம்புகளைத் திருடிப் பிடிப்பவர்களுக்கு அது ஒன்றே போதும்.