ஏலத்தோட்டக் கேமராவுக்கு வைத்த டர்ன் சர்வரைக் கட்டளை வரியில் சோதிப்பது எப்படி

போடியிலோ கம்பத்திலோ வீடு, வண்டன்மேட்டிலோ அணக்கரையிலோ தோட்டம். ஏலக்காய் ஸ்டோரில் கேமராவை மாட்டி, 4ஜி ரவுட்டரில் இணைத்து, மலைக்குக் கீழே உட்கார்ந்து போனில் பார்ப்பது இந்தப் பக்கம் இப்போது சாதாரணம். வெப்ஆர்டிசி (பிரவுசருக்கும் போனுக்கும் நேரலைப் படம் அனுப்பும் முறை) வழியாகப் படம் அனுப்பும் அமைப்பு என்றால் நடுவில் ஒரு டர்ன் சர்வர் தேவைப்படும். ரவுட்டரின் வான் (இணையப் பக்கத்து) முகவரியைப் பாருங்கள். அது 100.64-க்கும் 100.127-க்கும் இடையில் தொடங்கினால், சிம் நிறுவனம் பல வாடிக்கையாளர்களை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் வைத்திருக்கிறது. போனிலும் அதே கதைதான். இரண்டு முனையும் இப்படி மறைந்திருந்தால் நேரடி இணைப்பு பெரும்பாலும் அமையாது. டர்ன் சர்வர்தான் இரண்டு பக்கத்துப் பாக்கெட்டுகளையும் வாங்கி மாற்றிவிட வேண்டும்.

இதற்குப் பலரும் போடுவது கோடர்ன் என்ற மென்பொருள். சோதனைக் கருவிகளும் அதே பேக்கேஜில் வந்துவிடும். சர்வருக்குள் எஸ்எஸ்எச் செய்து, அங்கிருந்தே சோதித்து, "வேலை செய்கிறது" என்று முடித்துவிடுபவர்கள்தான் அதிகம். அந்தச் சோதனை எதையும் நிரூபிப்பதில்லை. கேமரா எந்த சிம்மில் இருக்கிறதோ அந்த சிம்மிலிருந்து, தோட்டத்தில் வைத்து ஓட்டினால்தான் உண்மை தெரியும்.

கீழே கட்டளைகள் ஒலிப்புப்படி தமிழெழுத்தில் இருக்கின்றன. டெர்மினலில் ஆங்கில எழுத்தில் அடியுங்கள். எல்லாம் சின்ன எழுத்து. பெரிய எழுத்து வேண்டிய இடத்தில் "பெரிய" என்று போட்டிருக்கிறோம். இது முக்கியம், ஏனென்றால் சின்ன டபிள்யூ கடவுச்சொல்லைக் குறிக்கும், பெரிய டபிள்யூ வேறொன்றைக் குறிக்கும்.

மூன்று இயந்திரங்கள்

டர்ன் சர்வர் 203.0.113.10 என்று வைத்துக்கொள்வோம். எதிர்முனையாக நடிக்க, பொது முகவரியுள்ள இன்னொரு சின்ன விபிஎஸ் (வாடகைச் சர்வர்), 198.51.100.20. மூன்றாவது, உங்கள் லேப்டாப். அதில் வீட்டு வைஃபையை அணைத்துவிட்டு, கேமராவின் சிம்மைப் போட்ட போனின் ஹாட்ஸ்பாட்டில் இணையுங்கள். டெபியன், உபுண்டு இரண்டிலும்:

சுடோ ஆப்ட் இன்ஸ்டால் கோடர்ன்

லேப்டாப்பில் சர்வர் ஓடத் தேவையில்லை. சிஸ்டம்சிடிஎல் மூலம் கோடர்ன் சேவையை நிறுத்தி, டிசேபிள் செய்துவிடுங்கள். கருவிகள் மட்டும் போதும்.

முதலில் ஸ்டன்

டர்ன்யூட்டில்ஸ்_ஸ்டன்கிளையன்ட் 203.0.113.10

இதற்குப் பயனர்பெயர் எதுவும் வேண்டாம். சர்வர் உங்களை எந்த முகவரியில் பார்க்கிறது என்று ரிஃப்ளெக்சிவ் முகவரி என்ற பெயரில் திருப்பிச் சொல்லும். அது உங்கள் சிம்மின் பொது முகவரியாக இருக்க வேண்டும்.

பதில் வராவிட்டால் யூடிபி 3478 எங்கோ அடைபட்டிருக்கிறது. டெல்நெட்டில் 3478 திறக்கிறதே என்று குழம்பாதீர்கள். டெல்நெட் பார்ப்பது டிசிபியை மட்டும். கிளவுட் ஃபயர்வாலில் டிசிபி விதியைப் போட்டுவிட்டு யூடிபி விதியை விட்டுவிடுவது மிகச் சாதாரணமான தவறு. சர்வரில் "எஸ்எஸ் -எல்யூஎன்பி" அடித்து, எந்த முகவரியில் கேட்டுக்கொண்டிருக்கிறது என்றும் பாருங்கள்.

நேட்டின் (பல கருவிகளை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் வைக்கும் முறை) வகையைக் கண்டுபிடிக்க டர்ன்யூட்டில்ஸ்_நேட்டிஸ்கவரி என்ற கருவியும் உண்டு. அதன் முழுச் சோதனைக்கு சர்வரில் இரண்டு பொது முகவரிகள் வேண்டும். ஒரே முகவரியுள்ள சர்வரில் அதற்கு நேரம் செலவிட வேண்டாம்.

அடுத்தது கடவுச்சொல்

டர்ன்யூட்டில்ஸ்_யூகிளையன்ட் -வி -ஒய் -யூ தோட்டம் -டபிள்யூ 'கடவுச்சொல்' 203.0.113.10

வி என்றால் நடப்பதை விவரமாகக் காட்டும். ஒய் என்றால் கிளையன்டும் கிளையன்டும் ஒரே சர்வர் வழியாகப் பேசிக்கொள்ளும், எதிர்முனை வேண்டாம். ஒய் அல்லது எதிர்முனை முகவரி, இரண்டில் ஒன்றைக் கொடுக்காவிட்டால் கருவி ஓடாது. கடவுச்சொல்லை ஒற்றை மேற்கோளில் வையுங்கள். டாலர் குறியோ ஆச்சரியக் குறியோ அதில் இருந்தால் ஷெல் அதை வேறு மாதிரி புரிந்துகொள்ளும், நீங்கள் சர்வரைத் திட்டிக்கொண்டிருப்பீர்கள்.

முதல் கோரிக்கைக்கு 401 (அடையாளம் காட்டு என்ற பதில்) வருவது பிழையல்ல. ரெல்ம் (பயனர்கள் சேர்ந்த தளத்தின் பெயர்), நான்ஸ் (சர்வர் தரும் தற்காலிகச் சொல்) இரண்டையும் கிளையன்ட் அந்தப் பதிலிலிருந்துதான் எடுத்துக்கொள்கிறது. அடுத்த கோரிக்கைக்கும் 401 வந்தால்தான் கோளாறு. டர்ன்அட்மின் கொண்டு சேர்த்த பயனருக்கு, பெயர், ரெல்ம், கடவுச்சொல் மூன்றையும் சேர்த்துக் கணக்கிட்ட சாவியே தரவுத்தளத்தில் இருக்கும். பிற்பாடு கான்ஃபிக்கில் ரெல்மை மாற்றினால் பழைய பயனர்கள் எல்லோரும் வெளியே நிற்பார்கள். அவர்களைத் திரும்பச் சேர்க்க வேண்டும்.

காலாவதியாகும் கடவுச்சொல் முறையில் ஸ்டாட்டிக் ஆத் சீக்ரெட் வைத்திருந்தால், சின்ன டபிள்யூவுக்குப் பதில் பெரிய டபிள்யூ போட்டு அந்த ரகசியத்தைக் கொடுங்கள். நேரமுத்திரையுள்ள பயனர்பெயரையும் கடவுச்சொல்லையும் கருவியே தயாரித்துக்கொள்ளும். கருவியில் தேறி, செயலியில் மட்டும் 401 வந்தால், செயலி உருவாக்கும் நேரமுத்திரையையும், அதை உருவாக்கும் இயந்திரத்தின் கடிகாரத்தையும் பாருங்கள்.

அலொகேஷன், அதாவது பாக்கெட்டை மாற்றிவிட (ரிலே) சர்வர் உங்களுக்கு ஒதுக்கும் முகவரியும் போர்ட்டும், கிடைத்ததும் திரையில் ரிலே முகவரி வரும். இந்த வரியை நின்று படியுங்கள். அங்கே 10 அல்லது 172.16 என்று தொடங்கும் தனி முகவரி வந்தால், கிளவுட் நேட்டுக்குப் பின்னால் சர்வர் இருப்பது கோடர்னுக்குத் தெரியவில்லை. டர்ன்சர்வர் டாட் கான்ஃப் கோப்பில் எக்ஸ்டெர்னல்-ஐபி வரியில் பொது முகவரி, சாய்கோடு, தனி முகவரி என்று எழுதி, சேவையை மறுபடி தொடங்குங்கள்.

எதிர்முனையோடு உண்மையான ரிலே

ஒய் சோதனையில் இரண்டு ரிலே முனைகளும் ஒரே இயந்திரத்தில் இருப்பதால் பாக்கெட் அதைவிட்டு வெளியே வருவதே இல்லை. ரிலே போர்ட்டுகள் முழுக்க அடைத்திருந்தாலும் அது தேறிவிடும். அதனால் விபிஎஸ்ஸில் இதை ஓட்டிவிட்டு வாருங்கள்:

டர்ன்யூட்டில்ஸ்_பியர் -வி

வந்ததை அப்படியே திருப்பி அனுப்பும் யூடிபி எக்கோ சர்வர் இது. வழக்கமான போர்ட் 3480. விபிஎஸ் ஃபயர்வாலில் அதை டர்ன் சர்வரின் முகவரிக்கு மட்டும் திறங்கள். பிறகு லேப்டாப்பில்:

டர்ன்யூட்டில்ஸ்_யூகிளையன்ட் -வி -சி -என் 1000 -எல் 170 -ஈ 198.51.100.20 -யூ தோட்டம் -டபிள்யூ 'கடவுச்சொல்' 203.0.113.10

என் என்பது செய்திகளின் எண்ணிக்கை, எல் என்பது ஒவ்வொன்றின் பைட் அளவு. இடைவெளியைச் சொல்லாவிட்டால் 20 மில்லிசெகண்டுக்கு ஒன்று போகும், ஆக ஆயிரத்துக்கு 20 விநாடி. சி போடாவிட்டால் ஒரு கிளையன்டுக்கு இரண்டு அலொகேஷன் எடுக்கும், ஆர்டிபிக்கு (படமும் ஒலியும்) ஒன்று, ஆர்டிசிபிக்கு (அவற்றின் நிலைத் தகவல்) ஒன்று. கான்ஃபிக்கில் யூசர்-கோட்டா குறைவாக இருந்தால் 486 (கோட்டா முடிந்தது என்ற பிழை) வருவது பெரும்பாலும் இதனால்தான்.

கடைசியில் தொலைந்த பாக்கெட் சதவீதம், சராசரிப் போய்வரும் நேரம், ஜிட்டர் (அந்த நேரத்தின் ஏற்ற இறக்கம்) மூன்றும் வரும். லேப்டாப்பிலிருந்து சர்வர், சர்வரிலிருந்து எதிர்முனை என இரண்டு பாதைகளின் கூட்டுத்தொகை அந்த நேரம். ஆகவே சர்வரில் இருந்து விபிஎஸ்ஸுக்குப் பிங் அடித்து அதைக் கழித்துப் பாருங்கள், மீதி சிம் பக்கத்துக் கணக்கு. தொலைந்த சதவீதம் முழு 100 என்றால் எக்கோ சர்வரின் 3480-ஐ முதலில் பாருங்கள்.

ரிலே போர்ட் வரம்பு: இதற்குத் தனியாக ஒரு சோதனை

மேலே சொன்ன சோதனை தேறினாலும் 49152 முதல் 65535 வரையிலான யூடிபி வரம்பு உள்வரவுக்குத் திறந்திருக்கிறது என்று சொல்ல முடியாது. முதல் பாக்கெட் சர்வரிலிருந்து வெளியே போனதால், இணைப்பை நினைவில் வைக்கும் ஃபயர்வால் அதன் பதிலை உள்ளே விட்டுவிடும். எண்ணைப் பெரிதாக்கி யூகிளையன்டை நீண்ட நேரம் ஓடவிட்டு, திரையில் வந்த ரிலே போர்ட்டுக்கு வேறொரு இடத்து இயந்திரத்திலிருந்து "என்சி -யூ" கொண்டு ஏதாவது அனுப்புங்கள். சர்வரில் டிசிபிடம்ப் (வந்துபோகும் பாக்கெட்டைக் காட்டும் கருவி) வைத்து அந்தப் போர்ட்டைக் கவனியுங்கள். அனுமதி இல்லாத முகவரி என்பதால் கோடர்ன் அதைத் தூக்கிப்போட்டுவிடும், பரவாயில்லை. சர்வர் வரைக்கும் வந்ததா என்பதுதான் கேள்வி.

இதில் ஒரு பொறி இருக்கிறது. உள்வரும் பாக்கெட்டை டிசிபிடம்ப் பார்ப்பது ஐபிடேபிள்ஸுக்கு (லினக்ஸின் சொந்த ஃபயர்வால்) முன்னால். கிளவுட் ஃபயர்வால் அடைத்திருந்தால் டிசிபிடம்ப்பில் ஒன்றும் தெரியாது. சர்வருக்குள்ளேயே ஐபிடேபிள்ஸ் அடைத்திருந்தால் வந்த மாதிரி தெரிந்தும் கோடர்னுக்குப் போய்ச் சேராது. விதிகளின் எண்ணி ஏறுகிறதா என்று "ஐபிடேபிள்ஸ் -பெரிய எல் -என் -வி" அடித்துத் தனியாகப் பாருங்கள்.

வெளியார் உள்ளே நுழைய முடியாது என்பதையும் பாருங்கள்

எதிர்முனையாக 127.0.0.1-ஐக் கொடுத்து ஓட்டுங்கள். 403 (மறுப்பு) வர வேண்டும். அடுத்து உங்கள் கிளவுடின் உள்முகவரி ஒன்றையும், 169.254.169.254-ஐயும் (கிளவுடின் மெட்டாடேட்டா முகவரி) கொடுங்கள். அவற்றுக்கும் 403 வரவில்லை என்றால், டர்ன் கணக்கு வைத்திருக்கும் எவரும் உங்கள் உள் நெட்வொர்க்கைத் தொட முடியும். டினைட்-பியர்-ஐபி வரிகளில் தனி முகவரி வரம்புகளைச் சேருங்கள். லூப்பேக் (127.0.0.1) தடையைத் தாண்டும் ஓட்டை ஒன்று 4.5.2-க்கு முந்தைய பதிப்புகளில் இருந்தது. பழையது ஓடினால் மேம்படுத்திவிட்டு மற்றதைப் பேசலாம்.

டிசிபியும் டிஎல்எஸ்ஸும்

யூடிபியை அடைத்துவைக்கும் அலுவலக நெட்வொர்க்கில் இருந்து படம் பார்ப்பவர்களுக்கு இது வேண்டும். டிசிபிக்கு முன்னே சொன்ன கட்டளையிலேயே -டி சேருங்கள் (டிசிபியின் முதல் எழுத்து). அதோடு -பெரிய எஸ் சேர்த்தால் டிஎல்எஸ் (மறையாக்கிய இணைப்பு), போர்ட் தானாக 5349 ஆகும். டி இல்லாமல் பெரிய எஸ் மட்டும் போட்டால் யூடிபி மேல் டிடிஎல்எஸ். 443-இல் வைத்திருந்தால் -பி 443 (போர்ட்டின் பி).

சான்றிதழ் கோப்பைக் கொடுத்துச் சரிபார்க்கச் சொன்னால் ஒழிய யூகிளையன்ட் சர்வரின் சான்றிதழைச் சரிபார்க்காது. காலாவதியான சான்றிதழிலும் அது தேறும், பிரவுசர் மட்டும் மறுக்கும். அதை ஓப்பன்எஸ்எஸ்எல்லின் எஸ்_கிளையன்ட் கொண்டு 5349-இல் இணைந்து, தேதியைப் பாருங்கள். 3478 வேலை செய்து 5349 மட்டும் திறக்கவே இல்லையென்றால் சாவிக் கோப்பின் அனுமதிதான் காரணமாக இருக்கும். டெபியனில் கோடர்ன் ஓடுவது டர்ன்சர்வர் என்ற பயனராக. லெட்ஸ் என்க்ரிப்ட் சாவியை ரூட் மட்டுமே படிக்க முடியும். சான்றிதழைப் புதுப்பித்ததும் சிக்யூஎஸ்ஆர்2 சிக்னல் அனுப்பினால் கோடர்ன் அதைப் புதிதாகப் படித்துக்கொள்ளும். அனுப்பாவிட்டால் பழையதையே காட்டிக்கொண்டிருக்கும்.

பாரம், நேரம்

செய்தி 1000 பைட், இடைவெளி 5 மில்லிசெகண்ட் (-எல் 1000 -இசட் 5) என்று வைத்தால் விநாடிக்கு 200 பாக்கெட், 2 லட்சம் பைட், அதாவது 1.6 மெகாபிட். ஒரு கேமராவுக்கு இது நியாயமான அளவு. எட்டுக் கேமராவுக்கு -எம் 8. எக்கோ இருப்பதால் சர்வரில் உள்வரவு 25.6, வெளிச்செலவு 25.6 மெகாபிட் ஓடும். உண்மையில் படம் ஒரு திசையில் மட்டும் போவதால் நிஜப் பாரம் இதில் பாதி. எட்டின் பாரத்தை ஒரே சிம்மில் அளக்க முயலாதீர்கள். அளப்பது மலையின் டவராக இருக்கும், சர்வராக இருக்காது. பாரச் சோதனைக்கு மட்டும் இன்னொரு விபிஎஸ்ஸில் இருந்து ஓட்டுங்கள்.

ஒற்றை ஓட்டத்தில் சுத்தமாக இருந்து, பாரம் ஏறியதும் பாக்கெட் தொலைந்தால் மேக்ஸ்-பிபிஎஸ் வரியைப் பாருங்கள். பெயரைப் பார்த்து பிட் என்று நினைத்துவிடுவார்கள், அது விநாடிக்கு எத்தனை பைட் என்ற கணக்கு. வரம்பைத் தாண்டியதை எந்தப் பிழையும் சொல்லாமல் கோடர்ன் கைவிடும்.

சில நிமிடத்தில் அறுபடும் படத்துக்கு இன்னொரு சோதனை. டர்ன் விதிப்படி அனுமதியின் ஆயுள் 300 விநாடி, அலொகேஷனின் வழக்கமான ஆயுள் 600 விநாடி. நான்ஸ் மாறினால் 438 வந்து கிளையன்ட் புதியதை வாங்கிக்கொள்ள வேண்டும். இவை எல்லாவற்றையும் தாண்ட 15 நிமிடம் ஓட்ட வேண்டும், 20 மில்லிசெகண்ட் இடைவெளிக்கு -என் 45000. கருவி தாங்கி, செயலி மட்டும் ஐந்தாவது நிமிடம் விழுந்தால் செயலி புதுப்பிப்பு அனுப்பவில்லை.

குமுளி, போடிமெட்டு மாதிரி எல்லையில் நின்று சோதிக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். போன் சட்டென்று தமிழ்நாட்டு டவருக்கோ கேரள டவருக்கோ தாவி, பொது முகவரியும் மாறினால், அலொகேஷன் பழைய முகவரி-போர்ட் ஜோடிக்குக் கட்டுப்பட்டது என்பதால் ஓட்டம் நடுவிலேயே செத்துவிடும். சர்வரில் குறையில்லை. ஸ்டன்கிளையன்டை மறுபடி ஓட்டி, முகவரி மாறிவிட்டதா என்று பார்த்தாலே தெரிந்துவிடும். செயலியில் ஐஸ் ரீஸ்டார்ட் (அறுந்த இணைப்பைப் புதிதாக அமைத்துக்கொள்ளும் வசதி) இருந்தால்தான் இதற்குத் தீர்வு.

எல்லாம் முடிந்ததும் விபிஎஸ்ஸில் எக்கோ சர்வரை நிறுத்தி 3480-ஐ மூடுங்கள். வந்ததைத் திருப்பி அனுப்பும் யூடிபி போர்ட்டைத் திறந்து வைத்தால், போலி முகவரி போட்டு அடுத்தவர் மேல் பாக்கெட் வீசுபவர்களுக்கு அது கருவியாகும். சோதனைக்குச் சேர்த்த பயனரையும் நீக்கிவிடுங்கள்.