வீட்டிலேயே கண்மூட விரும்புகிறவர்களுக்கு நாம் செய்யும் தவறுகள்

பாலியேட்டிவ் கேரில், அதாவது தீராத நோயில் வலியையும் வேதனையையும் தணிக்கும் பராமரிப்பில், புதிதாகச் சேர்ந்த நர்ஸ்களோடு வீடு வீடாகப் போகிறேன். ஒரு காலத்தில் நாங்கள் சறுக்கிய அதே இடங்களில்தான் இவர்களும் சறுக்குகிறார்கள். மலச்சிக்கலை உண்டாக்கும் வலிமருந்தான மார்ஃபினைக் கொடுத்துவிட்டு மலம் இளக மருந்து கொடுக்க மறப்பது போன்றவற்றை இங்கே எழுதவில்லை. அதை ஒரே வாரத்தில் நோயாளியே கற்றுக்கொடுத்துவிடுவார்.

விருப்பத்தைக் கேட்டதோடு நிறுத்திக்கொள்வது

இன்றும் எனக்கு எரிச்சல் தருவது இதுதான். ‘வீட்டில்தான் இருக்க வேண்டும் என்கிறார்’ என்று ஃபைலில் ஒரு வரி எழுதியதும் நிம்மதியாகிவிடுகிறோம். 2006-ல் பார்பரா கோம்ஸ், ஐரீன் ஹிக்கின்சன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 13 நாடுகளின் 58 ஆய்வுகளைத் தொகுத்து, புற்றுநோயாளி வீட்டில் இறப்பதை எவையெல்லாம் தீர்மானிக்கின்றன என்று பார்த்தார்கள். விருப்பம் அவற்றில் ஒன்றுதான். படுத்த படுக்கையாக இருப்பது, வீட்டுக்கு வரும் சிகிச்சையும் அது எவ்வளவு அடிக்கடி வருகிறது என்பதும், கூடவே வசிக்கும் உறவு, கைகொடுக்கும் சொந்தபந்தம் ஆகியவையும் அதே பட்டியலில் வலுவாக இருக்கின்றன.

செஞ்சிப் பக்கத்துப் பெரியவர் ஒருவர், உணவுக்குழாய்ப் புற்றுநோய். “என்னை எங்கயும் தூக்கிட்டுப் போயிடாதீங்கம்மா” என்று சொல்லியிருந்தார். ஒரு நாள் நள்ளிரவில் தொண்டையில் கரகரவென்று சத்தம். விழுங்க முடியாமல் தேங்கும் எச்சில் மூச்சோடு எழுப்பும் சத்தம் அது. கடைசி நாட்களில் பலருக்கு வரும். அப்படி வரும் என்று வீட்டில் யாருக்கும் யாரும் சொல்லி வைக்கவில்லை. அன்று மாலைதான் சென்னையிலிருந்து வந்திருந்த மூத்த மகன், “இப்படியே விட்டு வேடிக்கை பாக்குறீங்களா?” என்று 108-ஐக் கூப்பிட்டுவிட்டார். ஐ.சி.யூ., தொண்டையில் குழாய், கண்ணாடிக்கு வெளியே மனைவி. இரண்டு நாளில் அங்கேயே முடிந்தது. மகனைக் குறை சொல்ல மாட்டேன். அந்த ராத்திரிக்கென்று அவர் கையில் நாம் எதையும் கொடுத்திருக்கவில்லையே!

அதனால் அந்த ராத்திரியை முன்கூட்டியே பேசுங்கள். மூச்சு விட்டுவிட்டு வரும், கைகால் சில்லிடும், தொண்டை கரகரக்கும் என்று சொல்லுங்கள். கரகரத்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். பெரும்பாலும் நினைவு மங்கியிருக்கும், அவரைவிடப் பார்க்கிறவர்களுக்குத்தான் அது அதிக வேதனை. மாத்திரை விழுங்க முடியாத நிலை வந்தால் மார்ஃபினைத் தோலுக்கடியில் கொடுக்கலாம். அதற்கான ஏற்பாட்டை டாக்டரிடம் முன்பே கேட்டு வையுங்கள். இரவில் எடுக்கப்படும் ஒரு போன் நம்பரைச் சுவரில் ஒட்டுங்கள். இதையெல்லாம் வெளியூரில் இருக்கும் பிள்ளையிடமும் போனில் ஒரு தடவை சொல்லிவிடுங்கள். அந்த ஒரு போனைத்தான் எல்லோரும் தள்ளிப்போடுகிறார்கள்.

‘மனைவி பார்த்துக்கொள்வார்’ என்று எழுதுவது

அவருக்கு வயது என்ன, முதுகு எப்படி, ராத்திரி யார் சேர்ந்து தூக்குவார்கள்? கேளுங்கள்.

வாடகை வீடா என்று விசாரிக்காதது

நம் ஊருக்கே உரிய சிக்கல் இது. “இங்கே சாவு விழக் கூடாது” என்று வீட்டுக்காரர் சொல்லிவிட்டால் ஆஸ்பத்திரிக்குத்தான் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். குடும்பத்தார் பேசத் தயங்கினால் யூனிஃபார்மோடு நாம் போய்ப் பேசலாம். சில வீட்டுக்காரர்கள் இறங்கி வருவார்கள். இல்லையென்றால் சொந்த ஊர் வீட்டுக்கு, உட்காரும் தெம்பு இருக்கும்போதே மாற்றிவிட வேண்டும்.

சர்டிபிகேட்டைக் கடைசியில் யோசிப்பது

இறப்புக்கான காரணத்தை எழுதிக் கையெழுத்துப் போட எந்த டாக்டர் வருவார் என்று இப்போதே கேட்டு வையுங்கள். சுடுகாட்டிலும் அந்தத் தாளைக் கேட்பார்கள். இறப்பைப் பதிய 21 நாள் இருக்கிறது.