ஆய்வகத்தில் புத்தாக்க மேலாண்மைப் பயிற்சி: முதன்முறை நடத்துபவருக்கு ஒரு செய்முறை

பெங்களூருவில் ஓர் ஆராய்ச்சி நிறுவனத்தில் வேலை பார்க்கிறீர்கள். இயக்குநர் ஒருநாள் அழைத்து, "புத்தாக்க மேலாண்மை பற்றி நம்ம ஆட்களுக்கு ஒரு பயிற்சி ஏற்பாடு பண்ணுங்க" என்கிறார். ஆய்வில் பிறந்த யோசனையைப் பயன்பாடுவரை கொண்டுசேர்க்கும் அந்தத் துறை உங்களுக்குப் புதிது. எங்கிருந்து தொடங்குவது என்று தெரியவில்லை. இந்த ஊர் ஆய்வகங்களில் இருக்கும் தமிழ் விஞ்ஞானிகள், பொறியாளர்கள் பலருக்கு இந்தப் பொறுப்பு வந்து சேர்வதைப் பார்த்திருக்கிறேன். நான் இப்படிப்பட்ட பயிற்சிகளை நடத்துபவன். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். ஜெர்மனியில் 1949-ல் தொடங்கிய ஃபிரவுன்ஹோஃபர், நெதர்லாந்தில் 1932-ல் தொடங்கிய டிஎன்ஓ, நம் ஊரில் பழைய விமான நிலையச் சாலையில் இருக்கும் தேசிய வானூர்தி, விண்வெளி ஆய்வகமான என்ஏஎல், தும்கூர் சாலையில் இருக்கும் மத்திய உற்பத்தித் தொழில்நுட்ப நிறுவனமான சிஎம்டிஐ எல்லாம் ஒரே வகை. பல்கலைக்கழகத்துக்கும் தொழிற்சாலைக்கும் நடுவில் நிற்பவை. இங்கே உருவாகும் தொழில்நுட்பத்தைப் பெரும்பாலும் வேறொருவர்தான் தயாரித்து விற்கிறார். ஒரு வணிக நிறுவனத்தின் புத்தாக்க மேலாண்மை பொருளைச் சந்தைக்குக் கொண்டுபோவது. ஆய்வகத்துக்கோ இன்னொருவர் கையில் சரியாக ஒப்படைப்பதுதான் பெரிய வேலை. நிறுவனங்களுக்காக எழுதிய பாடத்தை அப்படியே இங்கே கொண்டுவந்தால் பொருந்தாமல் போவது இதனால்தான்.

என் அனுபவத்தில் பயிற்சி பலிப்பது ஒரே ஒரு நிபந்தனையில்: வருகிறவர் தன் ஆய்வகத்தில் பாதியில் நிற்கும் ஒரு தொழில்நுட்பத்தோடு வர வேண்டும், அதைப் பற்றிய ஒரு முடிவோடு திரும்ப வேண்டும். கீழே உள்ள, இரண்டு நாள் பயிற்சிக்கான படிகள் எல்லாம் அதற்காகத்தான்.

படி 1: யாரை அழைப்பது

விஞ்ஞானிகளை மட்டும் அழைக்காதீர்கள். நான்கைந்து குழுக்கள் போதும், குழுவுக்கு நான்கு பேர். ஒவ்வொரு குழுவிலும் ஆய்வு செய்தவர், கருவியைக் கையால் இயக்கும் டெக்னீஷியன், நிதி அல்லது கொள்முதல் பிரிவிலிருந்து ஒருவர், காப்புரிமையோ ஒப்பந்தமோ பார்க்கும் ஒருவர் இருக்கட்டும். அரசு ஆய்வகத்தில் ஒரு உதிரிபாகம் வாங்கவே பொது நிதி விதிகள் குறுக்கே வரும். அந்த விதிகளைத் தினமும் கையாள்பவர் அறையில் இருந்தால், "இது நடக்காது" என்று எல்லோரும் நினைத்த பல விஷயங்களுக்கு அவரே வழி சொல்லிவிடுவார். டெக்னீஷியன் வந்தால் தமிழிலோ கன்னடத்திலோ பேச இடம் கொடுங்கள். ஆங்கில ஸ்லைடுக்கு முன்னால் வாய் திறக்காதவர், தன் மொழியில் கேட்டால் கருவி எந்த நேரத்தில் மக்கர் பண்ணுகிறது என்று துல்லியமாகச் சொல்வார்.

படி 2: ஒரு பக்கம் எழுதி வரச் சொல்லுங்கள்

பயிற்சிக்கு ஒரு வாரம் முன்பே ஒவ்வொரு குழுவும் ஒரு பக்கம் எழுதி அனுப்பட்டும். யாருக்கு என்ன சிரமம்? இப்போது அதை எப்படிச் சமாளிக்கிறார்கள்? நம் தொழில்நுட்பம் எதில் மேல்? அதற்கு நம்மிடம் இருக்கும் அளவீடு என்ன? இவ்வளவுதான். "யாருக்கு" என்ற இடத்தில் "தொழில்துறைக்கு" என்றோ "சமுதாயத்துக்கு" என்றோ எழுதியிருந்தால் திருப்பி அனுப்பிவிடுங்கள். பம்ப் மோட்டாருக்குக் காயில் சுற்றும் பட்டறைக்காரர், மாவட்ட மருத்துவமனை லேப் டெக்னீஷியன் என்று ஆளை எழுதும்வரை விடாதீர்கள்.

படி 3: ஒரு பழைய கதையோடு தொடங்குங்கள்

முதல் அமர்வுக்கு வெளிநாட்டு உதாரணம் வேண்டாம். தேர்தல் மை போதும். அறையில் இருக்கும் எல்லோர் விரலிலும் பட்டது அது. ஒருவரே இரண்டு முறை வாக்களிப்பதைத் தடுக்க வேண்டும் என்பது தேர்தல் ஆணையத்தின் சிக்கல். டெல்லியில் இருக்கும் தேசிய இயற்பியல் ஆய்வகம் மையை உருவாக்கியது. அதிலுள்ள வெள்ளி நைட்ரேட் தோலில் பட்டு, வெளிச்சம் பட்டதும் கறுத்துவிடும், கழுவினால் போகாது. 1962-ல் தேசிய ஆராய்ச்சி மேம்பாட்டுக் கழகம் வழியாக அந்தத் தொழில்நுட்பம் மைசூரு பெயின்ட்ஸ் நிறுவனத்துக்குப் போனது. அந்த ஆண்டுப் பொதுத்தேர்தலில் மை பயன்பாட்டுக்கு வந்தது.

இதைச் சொல்லிவிட்டு குழுக்களிடம் கேளுங்கள்: இதில் பயனர் யார்? பணம் கொடுப்பவர் யார்? தயாரிப்பவர் யார்? நடுவில் இருந்து ஒப்பந்தம் போட்டுத் தந்தவர் யார்? நான்கும் நான்கு வெவ்வேறு ஆட்கள். வாக்காளர் விரலை நீட்டுகிறார், ஆணையம் காசு கொடுக்கிறது, மைசூரில் தயாராகிறது. இப்போது அதே நான்கு இடங்களைத் தங்கள் தொழில்நுட்பத்துக்கு நிரப்பச் சொல்லுங்கள். பெரும்பாலான குழுக்களுக்கு மூன்றாவது இடம் காலியாகவே இருக்கும். அந்தக் காலியிடத்தைப் பார்ப்பதுதான் முதல் நாள் காலையின் பயன்.

படி 4: டிஆர்எல் மதிப்பெண், ஆதாரத்தோடு

தொழில்நுட்பத் தயார்நிலை அளவான டிஆர்எல், நாசாவில் 1970-களில் பிறந்தது. இப்போது 1 முதல் 9 வரை ஒன்பது நிலைகள். 1-ல் அடிப்படைக் கொள்கை மட்டும் இருக்கிறது. 4-ல் ஆய்வகத்துக்குள் வேலை செய்கிறது. 5, 6-ல் உண்மைச் சூழலை ஒத்த இடத்தில் சோதித்தாயிற்று. 7-ல் உண்மையான இடத்திலேயே மாதிரி ஓடுகிறது. 9-ல் தினசரிப் பயன்பாட்டில் நிரூபணமாகிவிட்டது.

இந்தப் பயிற்சியில் நான் அதிக நேரம் ஒதுக்கச் சொல்வது இங்கேதான். காரணம், ஆய்வகங்களில் இந்த எண்ணைக் கூட்டிப் போடும் பழக்கம் உண்டு. நிதி கேட்கும் விண்ணப்பத்தில் 6 என்று எழுதினால் நன்றாகத் தெரிகிறது, அதனால் 6 ஆகிவிடுகிறது. இதைக் கண்டிக்கத் தேவையில்லை. ஓர் அட்டையில் ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் ஆதாரம் எழுதச் சொன்னால் போதும்: எங்கே சோதித்தோம், எத்தனை நாள், யார் இயக்கினார், எதில் தோற்றது. இல்லாத இடத்தில் "ஆதாரம் இல்லை" என்றே எழுதட்டும்.

குளிரூட்டிய அறையில், சீரான மின்சாரத்தில், உருவாக்கியவரே இயக்கிச் சரியாக அளந்த ஒரு அதிர்வு சென்சாரை எடுத்துக்கொள்ளுங்கள். அது 4. அதே சென்சார் பெங்களூருவின் பீன்யா தொழிற்பேட்டையில் ஒரு லேத் பட்டறையில், உலோகத் தூளுக்கும் எண்ணெய்க்கும் நடுவில், மின்னழுத்தம் ஏறி இறங்கும்போது, பட்டறை ஆளே இயக்கி ஒரு மாதம் ஓடினால்தான் 7 பற்றிப் பேசலாம். 4-க்கும் 7-க்கும் நடுவில் இருக்கும் இந்த இடத்தில்தான் பெரும்பாலான தொழில்நுட்பங்கள் தங்கிவிடுகின்றன. ஆய்வுக் கட்டுரை வெளிவந்துவிட்டதால் ஆய்வகத்துக்கு ஆர்வம் குறைகிறது. இன்னும் நிரூபணம் ஆகவில்லை என்பதால் தொழிற்சாலை காசு போடத் தயங்குகிறது. இரண்டு தரப்பும் செய்யாத அந்த வேலையை யார் செய்வது, எந்தப் பணத்தில் என்ற கேள்விக்குப் பதில் தேடுவதே ஆய்வக மேலாளரின் முக்கிய வேலை என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

எண் குறைந்தால் சில மூத்தவர்கள் முகம் வாடும். பரவாயில்லை. 6-லிருந்து 4-க்கு இறங்கிய குழுவுக்கு அடுத்து எதைச் சோதிக்க வேண்டும் என்று தெரிந்துவிட்டது.

படி 5: அறையை விட்டு வெளியே போங்கள்

அரை நாளாவது களத்துக்குக் கூட்டிப் போங்கள். பீன்யா பக்கத்திலேயே இருக்கிறது. தமிழ் பேசும் குழுவாக இருந்தால் ஓசூர் இன்னும் நல்லது. எல்லை தாண்டியதும் சிப்காட் தொழிற்பேட்டை, பட்டறை முதலாளிகளோடு தமிழிலேயே மனம் விட்டுப் பேசலாம்.

போய் என்ன கேட்பது என்பது முக்கியம். "இப்படி ஒரு கருவி வந்தால் வாங்குவீங்களா?" என்று கேட்காதீர்கள். ஆராய்ச்சி நிறுவனத்திலிருந்து வந்தவர்கள் என்ற மரியாதைக்காகவே "ஆமாங்க சார்" என்பார்கள். அதற்குப் பதில், "போன தடவை மெஷின் நின்னப்போ என்ன பண்ணீங்க? யாரைக் கூப்பிட்டீங்க? எவ்வளவு நேரம் வேலை கெட்டுச்சு?" என்று கேளுங்கள். நடந்ததைச் சொல்லும்போது ஆட்கள் உண்மையைச் சொல்வார்கள். உங்கள் தொழில்நுட்பத்தைப் பற்றி முதல் இருபது நிமிடம் பேசவே வேண்டாம் என்று குழுவிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அது விஞ்ஞானிகளுக்கு மிகக் கடினம், ஆனால் முடியும்.

படி 6: காப்புரிமை, வரிசை தப்பாமல்

இங்கே ஒரு விதிதான் மனப்பாடமாக வேண்டும்: முதலில் விண்ணப்பம், பிறகு கட்டுரை. மாநாட்டிலோ இதழிலோ வெளியிட்டுவிட்டால் புதுமை போய்விடும், காப்புரிமை கிடைக்காது. இந்தியச் சட்டத்தில் சில விதிவிலக்குகள் உண்டு, ஆனால் அவற்றை நம்பித் திட்டமிட வேண்டாம்.

கண்டுபிடிப்பின் ஆரம்ப விவரத்தை மட்டும் தரும் தற்காலிக விவரக்குறிப்போடு விண்ணப்பித்தால் முழு விவரக்குறிப்பைத் தர 12 மாதங்கள் கிடைக்கும். களச் சோதனைக்கு அந்தக் காலம் பொன்னானது. வெளிநாட்டில் விண்ணப்பிக்க வேண்டுமா என்ற முடிவையும் அந்த 12 மாதங்களுக்குள் எடுத்துவிட வேண்டும். பொதுவாக 18 மாதங்கள் கழித்து விண்ணப்பம் வெளியிடப்படும். பரிசீலனை கோரும் மனுவுக்கு முன்பு 48 மாதங்கள் இருந்தன. 2024 திருத்த விதிகள் அதை 31 மாதங்களாகக் குறைத்துவிட்டன. பழைய கணக்கில் இருப்பவர்கள் கவனிக்கவும். காப்புரிமை கிடைத்தால் விண்ணப்பத் தேதியிலிருந்து 20 ஆண்டுகள். கர்நாடகத்து விண்ணப்பங்கள் போவது சென்னைக் காப்புரிமை அலுவலகத்துக்கு. பெங்களூரு ஆட்களுக்கு இன்னொன்று: கணினி நிரலுக்கு மட்டும் தனியாகக் காப்புரிமை கிடையாது என்கிறது சட்டத்தின் 3-வது பிரிவு. மென்பொருள் சார்ந்த கண்டுபிடிப்பென்றால் வழக்கறிஞரிடம் முன்னதாகவே பேசுங்கள்.

பயிற்சியில் ஒரு மணி நேரம் தேடலுக்கு ஒதுக்குங்கள். கூகுள் பேட்டன்ட்ஸ், ஐரோப்பாவின் எஸ்பசெநெட், இந்திய அலுவலகத்தின் இன்பாஸ் மூன்றும் இலவசம். ஏற்கெனவே என்ன இருக்கிறது என்று பார்க்காமல் யாரும் சாப்பாட்டுக்கு எழக் கூடாது. தேடலின் வலிமையைக் காட்ட மஞ்சள் வழக்கைச் சொல்லலாம். காயத்துக்கு மஞ்சள் என்று அமெரிக்காவில் கொடுத்த காப்புரிமையை, பழைய ஏடுகளையும் வெளியீடுகளையும் ஆதாரமாகக் காட்டி எதிர்த்து, 1997-ல் ரத்துச் செய்ய வைத்தது நம் அறிவியல், தொழிலக ஆராய்ச்சி மன்றமான சிஎஸ்ஐஆர். அதன் பிறகு உருவான மரபறிவு மின் நூலகத்தில் சித்த மருத்துவத் தமிழ் நூல்களும் இடம்பெற்றிருக்கின்றன.

படி 7: ஒப்படைக்கும் வழி

உரிமம் தருவதா, ஒரு நிறுவனத்தோடு சேர்ந்து மேம்படுத்துவதா, குழுவே ஸ்டார்ட்அப் தொடங்குவதா என்று ஒவ்வொரு குழுவும் தேர்ந்தெடுக்கட்டும். உரிமம் என்றால் ஒருவருக்கு மட்டுமா, பலருக்கா என்ற கேள்வி வரும். 2020-ல் கொரோனா நேரத்தில் என்ஏஎல் உருவாக்கிய ஸ்வஸ்த்வாயு சுவாசக் கருவி பல நிறுவனங்களுக்குத் தரப்பட்டது. அவசரத் தேவைக்கு அதுதான் பொருத்தம். தயாரிப்பாளர் பெரிய முதலீடு போட வேண்டியிருந்தால் ஒருவருக்கு மட்டும் தருவதில் நியாயம் உண்டு, ஆனால் குறிப்பிட்ட காலத்துக்குள் தயாரிக்காவிட்டால் உரிமம் திரும்பும் என்ற விதியைக் கட்டாயம் சேருங்கள். முன்பணம், ராயல்டி பற்றியெல்லாம் சட்டப் பிரிவு பார்த்துக்கொள்ளும். விஞ்ஞானி பார்க்க வேண்டியது, ஒப்படைப்புக்குப் பின் எத்தனை மாதம் உடனிருந்து கற்றுத்தருவது என்பது. காகிதத்தில் இல்லாத கைப்பக்குவம் அப்போதுதான் கைமாறும்.

படி 8: தொடரலாமா, நிறுத்தலாமா

இரண்டாம் நாள் மாலை ஒவ்வொரு குழுவும் எழுந்து மூன்றில் ஒன்றைச் சொல்ல வேண்டும்: தொடர்கிறோம், மாற்றித் தொடர்கிறோம், நிறுத்துகிறோம். இயக்குநரோ, முடிவெடுக்கும் அதிகாரம் உள்ள ஒருவரோ அப்போது அறையில் இருக்கட்டும். நிறுத்துகிறோம் என்று சொன்ன குழுவைக் கைதட்டி அனுப்புங்கள். அந்த ஆட்களும் கருவியும் பணமும் இன்னொரு திட்டத்துக்குக் கிடைக்கின்றன, அது சாதாரண விஷயமில்லை. ஆண்டுதோறும் பழைய திட்டங்களையே இழுத்துக்கொண்டு போகும் ஆய்வகத்தில் புதிய ஆளுக்கு ஒரு மேசை கூடக் கிடைக்காது.

படி 9: மூன்று மாதம் கழித்து

பயிற்சி முடியும் அன்றே அடுத்த சந்திப்பின் தேதியைக் குறியுங்கள். அதற்குள் ஒவ்வொரு குழுவும் செய்ய வேண்டியது ஒரே ஒரு சோதனை, டிஆர்எல் அட்டையில் "ஆதாரம் இல்லை" என்று எழுதிய இடத்துக்கானது.

இடையில் படிக்க விரும்புபவர்களுக்கு உலக அறிவுசார் சொத்து அமைப்பின் டிஎல்-101 என்ற இணைய வழி அடிப்படைப் பாடம் இலவசம். என்பிடெல் இணையக் கல்வித் தளத்திலும் நல்ல பாடங்கள் உண்டு. நிறுவனம் முழுவதற்கும் ஒரு ஒழுங்கு கொண்டுவர நினைத்தால், புத்தாக்க மேலாண்மைக்கான சர்வதேசத் தரங்கள் உண்டு: வழிகாட்டுதலாக 2019-ல் வந்த ஐஎஸ்ஓ 56002-வும், தேவைகளை வரையறுத்து 2024-ல் வந்த ஐஎஸ்ஓ 56001-வும் இருக்கின்றன. ஆனால் தரச்சான்றிதழை முதல் ஆண்டு நினைக்காதீர்கள், இரண்டு மூன்று பயிற்சிகள் நடந்த பிறகு பார்க்கலாம்.

மூன்றாம் மாதச் சந்திப்பில் ஸ்லைடு வேண்டாம். ஒவ்வொரு குழுவும் தன் பழைய ஒரு பக்கத்தையும், திருத்திய ஒரு பக்கத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கட்டும். "யாருக்கு" என்ற இடத்தில் இப்போது ஒரு பட்டறையின் பெயரும், அந்த முதலாளியின் கைபேசி எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாத குழுவை மறுநாளே ஓசூருக்கு அனுப்புங்கள்.