மூன்று பிள்ளைக்கு மூன்று பெட்டி: வீட்டுக்கல்வியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் வேலூர் சத்துவாச்சாரியில் ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து நிறுத்தி வீட்டிலேயே படிக்கவைக்கப் போகிற குடும்பம். பத்து, எட்டு, ஆறு வயதில் மூன்று பேர். கூடத்தில் டிவிக்குக் கீழே மூன்று அட்டைப்பெட்டிகள், இன்னும் டேப் கூடப் பிரிக்கவில்லை. "மூணு பேருக்கும் ஒரே தடவையில ஆர்டர் போட்டுட்டேன்க்கா, இனிமே ஒரு வருஷத்துக்குக் கவலையே இல்ல" என்றாள் அந்தப் பெண். எனக்கு வயிற்றில் புளியைக் கரைத்தது. எட்டு வருடத்துக்கு முன்னால் காட்பாடியில் எங்கள் வீட்டுக் கூடத்திலும் இதே மாதிரி மூன்று பெட்டிகள் இருந்தன. இதே வசனத்தை நானும் என் மாமியாரிடம் சொல்லியிருக்கிறேன்.

அதனால்தான் இதை எழுதுகிறேன். வரவு செலவு எழுதி வையுங்கள், டைம்டேபிள் போடுங்கள் என்பதெல்லாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நான் பணம் கட்டிக் கற்றுக்கொண்டதை மட்டும் சொல்கிறேன்.

ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு முழு வகுப்பை வாங்குவது

இதை நினைத்தால் இன்றைக்கும் எரிச்சலாக வருகிறது.

அப்போது மூத்தவளுக்கு ஒன்பது வயது, அடுத்தவனுக்கு ஏழு, கடைக்குட்டிக்கு நாலு. ஒரு வெளிநாட்டுப் பாடத்திட்டம். நாலாம் வகுப்பு ஒரு பெட்டி, இரண்டாம் வகுப்பு ஒரு பெட்டி, மழலையர் வகுப்புக்கு ஒரு பெட்டி. ஏலச்சீட்டு எடுத்த பணத்தில் எழுபதாயிரம் அதற்கே போனது. அனுப்பும் செலவும் சுங்க வரியும் தனி. வீட்டுக்காரர் கேட்டபோது என்னிடம் ஒரு கணக்குத் தயாராக இருந்தது: மூத்தவள் படித்தது தம்பிக்கு ஆகும், தம்பி படித்தது கடைக்குட்டிக்கு ஆகும், ஆக மொத்தத்தில் லாபம்தான். பாவாடை சட்டைக்குப் பொருந்துகிற கணக்கைப் புத்தகத்துக்குப் போட்டேன்.

முதலில் இடித்தது பணம் இல்லை, நேரம். ஒரு பிள்ளைக்கு ஐந்து பாடம் என்றால் மூன்று பேருக்குப் பதினைந்து. பாடத்துக்கு அரை மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்தால் ஏழரை மணி நேரம். சமையல், துணி, தண்ணீர் பிடிப்பது எல்லாம் இதற்கு வெளியே. ஒருத்திக்கு எகிப்து, ஒருத்தனுக்கு டைனோசர், இன்னொன்றுக்கு வண்ணத்துப்பூச்சி. காலை பத்தரைக்கெல்லாம் மூத்தவள் மட்டும் என்னோடு மேஜையில் இருப்பாள். அடுத்தவன் தன் முறை வரும்வரை மேஜைக்கு அடியில் படுத்திருப்பான். கடைக்குட்டி சுவரில் கிறுக்கிக்கொண்டிருக்கும். ஒரு பள்ளிக்கூடத்தில் மூன்று டீச்சர் பார்க்கிற வேலையை ஒருத்தியாகப் பார்க்க முடியும் என்று எந்தத் தைரியத்தில் நம்பினேனோ தெரியவில்லை.

ஆகஸ்டுக்குள் மூன்று பேரும் பின்தங்கிவிட்டார்கள். பின்தங்கினார்கள் என்பதுகூடச் சரியில்லை. பிள்ளைகள் பாட்டுக்குப் படித்துக்கொண்டுதான் இருந்தார்கள். பெட்டியோடு வந்த கால அட்டவணைதான் முன்னே ஓடிக்கொண்டிருந்தது. இவ்வளவு பணம் கொட்டினோமே என்று அதைத் துரத்தினேன். மலிவான புத்தகமாக இருந்திருந்தால் பிடிக்காத பாடத்தைத் தூக்கி ஓரமாக வைத்திருப்பேன். விலை அதிகம் என்பதாலேயே விட மனம் வரவில்லை.

அப்புறம் உள்ளே இருந்த சரக்கு. இரண்டாம் வகுப்புக் கணக்கில் பாதி டாலர், சென்ட். பத்து சென்ட் காசுக்கு ஒரு பெயர், இருபத்தைந்து சென்ட்டுக்கு ஒரு பெயர். கடையில் ஐம்பது ரூபாய் கொடுத்தால் மீதி எவ்வளவு என்று தெரியாத பையன், கண்ணால் பார்க்காத காசின் பெயரை மனப்பாடம் செய்துகொண்டிருந்தான். அறிவியல் புத்தகம் நாலு பருவம் என்றது, சிவந்து உதிர்ந்த இலைகளைப் பொறுக்கி ஒட்டச் சொன்னது. நாங்கள் தெருமுனைப் புங்கமரத்தடியில் பழுத்த இலையைப் பொறுக்கினோம். நம் ஊரில் அப்படி ஊரே சிவந்து உதிர்கிற பருவம் இல்லை.

இரண்டு வருடம் கழித்துப் பையன் நாலாம் வகுப்புக்கு வந்தபோது என் 'அடுத்தவனுக்கு ஆகும்' கணக்கும் உடைந்தது. பெட்டியில் முக்கால்வாசி ஒர்க்புக். எழுதிவிட்டால் தீர்ந்தது. மூத்தவளைப் பென்சிலால் மட்டும் எழுதச் சொல்லியிருந்தேன். ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து ரப்பரால் அழித்தேன், நூற்றிச் சொச்சம் பக்கம். பையன் அந்தப் பக்கங்களில் ஒரு தப்புகூட இல்லாமல் போட ஆரம்பித்தான். பெருமையாகத்தான் இருந்தது. ஒரு நாள் காலையில் எட்டிப் பார்த்தால், ஜன்னல் வெளிச்சத்தில் புத்தகத்தைச் சாய்த்துப் பிடித்திருக்கிறான். அழித்த இடத்தில் அக்காவின் பென்சில் அழுத்தின தடம் பள்ளமாகத் தெரிகிறது. அதைப் பார்த்து அப்படியே எழுதுகிறான். அவள் தப்பாகப் போட்ட இடத்தில் இவனும் தப்பாகப் போட்டிருந்தால் முன்பே பிடித்திருப்பேன். அந்தப் பக்கங்களில் அவள் தப்பே போட்டிருக்கவில்லை.

எழுதித் தீர்க்கிற புத்தகத்தை அடுத்த பிள்ளையின் கணக்கில் சேர்க்காதீர்கள். படித்துவிட்டு அலமாரியில் வைக்கிற புத்தகம்தான் இறங்கி வரும். ஒர்க்புக்கை ஜெராக்ஸ் எடுத்துக்கொள்ளலாமே என்று தோன்றும். ஒரே வீட்டுப் பிள்ளைகளுக்கு நகல் எடுக்கச் சில பதிப்பகங்கள் அனுமதிக்கும், பல அனுமதிக்காது. முதல் பக்கத்தில் போட்டிருப்பதைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

இப்போது எங்கள் வீட்டில் நடப்பது வேறு. கணக்கும் மொழியும் ஆளுக்கு ஆள் தனி. வரலாறு, அறிவியல், கதை வாசிப்பு எல்லாம் மூன்று பேருக்கும் ஒன்றாக. ஒரு ஜூலை மாதம் முழுக்க 1806 வேலூர் சிப்பாய்க் கிளர்ச்சியை எடுத்துக்கொண்டோம். பஸ் ஏறினால் கோட்டை. கடைக்குட்டி அகழியை வரைந்தாள். நடுப்பிள்ளை ஜூலை 10 விடியற்காலையில் நடந்ததைப் பத்து வரியில் எழுதினான். மூத்தவளுக்கு, புதுத் தலைப்பாகையும் நெற்றிக்குறி, தாடிக்கு விதித்த தடையும் சிப்பாய்களை ஏன் அவ்வளவு கொதிக்கவைத்தன, திப்புவின் பிள்ளைகள் கோட்டைக்குள் காவலில் இருந்ததற்கும் இதற்கும் என்ன தொடர்பு என்ற கேள்வி. கிளர்ச்சியை அடக்க ஆற்காட்டிலிருந்து ஆங்கிலேயத் தளபதி கில்லெஸ்பியின் குதிரைப்படை வந்து சேர எவ்வளவு நேரம் ஆகியிருக்கும் என்று மூன்று பேரும் சேர்ந்து கணக்குப் போட்டார்கள். கோட்டைக்குள்ளேயே அரசு அருங்காட்சியகம் இருக்கிறது. பாலாற்றங்கரை முத்துமண்டபம் வரை போனால் இங்கே சிறையிருந்து 1832-ல் இறந்த கண்டியின் கடைசி அரசன் ஸ்ரீ விக்ரம ராஜசிங்கன் வந்துவிடுகிறான், அவனைப் பிடித்துக்கொண்டு இலங்கைக்கும் போகலாம். ஒரு மாதப் பாடத்துக்கு பஸ் காசு, டிக்கெட், மூன்று நோட்டு, திரும்பும்போது ஆளுக்கொரு பன்னீர் சோடா.

அறிவியலுக்கும் அப்படித்தான். ஜவ்வாது மலையில் காவலூர் வானாய்வகம் இருக்கிறது, 2.3 மீட்டர் தொலைநோக்கி. அதைப் பார்த்துவிட்டு வந்த பிள்ளைகளுக்குச் சூரியக் குடும்பத்தைப் பற்றி மூன்று வகுப்புக்கு மூன்று புத்தகம் எதற்கு?

வயதைப் பார்த்துக் கணக்குப் புத்தகம் வாங்குவது

நாலாம் வகுப்பு வயது என்று நாலாம் வகுப்புப் புத்தகம் வாங்கினேன். மூத்தவள் மற்றதெல்லாம் சரியாகப் போடுவாள், ஆனால் 402-லிருந்து 178-ஐக் கழிக்கச் சொன்னால் நடுவில் இருக்கிற பூஜ்ஜியத்தைப் பார்த்து முழிப்பாள். கடன் வாங்கப் போன இடத்தில் ஒன்றுமே இல்லை என்றால் பாவம் என்ன செய்வாள். மூன்றாம் வகுப்பு சமச்சீர் புத்தகத்தை எடுத்து, தீக்குச்சியைப் பத்துப் பத்தாகக் கட்டி, இரண்டு மாதம் அதையே செய்தோம். முந்தின வகுப்புப் புத்தகத்தின் கடைசிப் பாடத்தைக் கொடுத்துப் பாருங்கள். அது வந்தால் அடுத்ததை வாங்குங்கள்.

இலவசம் என்று எல்லாவற்றையும் பிரிண்ட் எடுப்பது

தமிழ்நாடு பாடநூல் கழகப் புத்தகங்களும் மத்திய அரசின் என்.சி.இ.ஆர்.டி. புத்தகங்களும் பி.டி.எஃப். ஆக இலவசமாகவே கிடைக்கின்றன. நல்ல விஷயம். ஆனால் அதை அப்படியே பென் டிரைவில் போட்டுக்கொண்டு பிரிண்ட் கடைக்குப் போகாதீர்கள். நான் போனேன். மூன்று பேருக்கும் எடுத்து, ஸ்பைரல் பைண்டிங் போட்டு முடித்தபோது, அதே புத்தகத்தைக் கலரில் அச்சடித்து விற்கிற விலையைத் தாண்டிவிட்டது. என்னுடையது கறுப்பு வெள்ளை வேறு. வரைபடத்தில் கடல் எது, நிலம் எது என்றே தெரியவில்லை. முழுப் புத்தகம் வேண்டுமென்றால் அச்சடித்ததை வாங்குங்கள். பயிற்சிப் பக்கம் மட்டும் பிரிண்ட் போதும்.

வீட்டுக்குப் பிரிண்டர்

மை காய்ந்து போகும்.

ஆப் சந்தா

ஆட்டோ டெபிட்டை இன்றைக்கே நிறுத்துங்கள்.

தமிழை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்பது

அப்புறம் வராது. என் நடுப்பிள்ளைக்குப் பதினொரு வயதில் பஸ் போர்டை எழுத்துக்கூட்டிப் படிக்கிற நிலைமை வந்தது.

பத்தாம் வகுப்புச் செலவை மறப்பது

சின்னப் பிள்ளைகளை வைத்திருப்பவர்கள் முதல் இரண்டு வருடத்திலேயே கையிருப்பைக் கரைத்துவிடுகிறார்கள். ஏழு வயதுப் பிள்ளைக்கு அவ்வளவு செலவு எதற்கு என்று கேட்டால் பதில் இருக்காது. செலவு வருவது தேர்வு சமயத்தில்.

என்.ஐ.ஓ.எஸ். என்கிற தேசியத் திறந்தநிலைப் பள்ளி வழியாகப் பத்தாம் வகுப்பில் சேர 14 வயது ஆகியிருக்க வேண்டும். வருடத்தில் இரண்டு முறை தேர்வு, ஏப்ரல் மே ஒன்று, அக்டோபர் நவம்பர் ஒன்று. ஒருமுறை பதிவு செய்தால் ஐந்து வருடம் செல்லும், பாடங்களை ஒவ்வொன்றாகவும் முடிக்கலாம். பாடநூல்களும் இணையத்தில் இருக்கின்றன. மாநிலப் பாடத்திட்டம்தான் என்றால் பன்னிரண்டரை வயது ஆனபின் எட்டாம் வகுப்பைத் தனித்தேர்வராக எழுதிவிட்டு மேலே போகலாம். வெளிநாட்டு வாரியத் தேர்வு என்றால் பாடத்துக்குப் பாடம் கட்டணம், அது வேறு உலகம்.

எதுவானாலும் பிள்ளைகளின் வயதை வரிசையாக எழுதி, எந்த வருடம் யாருக்குத் தேர்வு என்று இப்போதே குறித்து வையுங்கள். இரண்டு வருட இடைவெளியில் பிறந்த பிள்ளைகள் என்றால் மூத்தவளின் பன்னிரண்டாம் வகுப்பும் அடுத்தவனின் பத்தாம் வகுப்பும் ஒரே வருடத்தில் வந்து நிற்கும். எங்களுக்கு இந்த வருடம் அப்படித்தான். கட்டணம், செய்முறைத் தேர்வு, டியூஷன், தேர்வு மையத்துக்குப் போய்வருகிற செலவு எல்லாம் ஒன்றாக இறங்கியபோது, எனக்கு அந்த எழுபதாயிரம்தான் ஞாபகம் வந்தது.

சத்துவாச்சாரிப் பெண்ணிடம் பெட்டிகளைப் பிரிக்காமலே திருப்பி அனுப்பிவிட்டு, கணக்குப் புத்தகங்களை மட்டும் தனியாக வாங்கிக்கொள்ளச் சொன்னேன். இரண்டை எடுத்துக்கொள்கிறார்களாம், ஒன்றுக்கு நாள் கடந்துவிட்டதாம். என் பெட்டியில் மிச்சமிருப்பது இன்னும் கட்டிலுக்கு அடியில்தான் கிடக்கிறது. வரும் ஞாயிற்றுக்கிழமை குடியாத்தத்திலிருந்து ஒரு குடும்பம் பார்க்க வருகிறது. ஒர்க்புக்கை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துக் காட்டிவிட்டுத்தான் விலை பேசுவேன்.