மலைக்கோயிலில் யாருடைய பண்பாடு? வழிபாட்டை மண்ணுக்கேற்ப அமைப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ஜனவரி மாதம், நீலகிரியில், கோத்தகிரிப் பக்கத்துச் சிற்றூர்க் கத்தோலிக்கக் கோயில் ஒன்றில் ‘இந்திய முறைத் திருப்பலி’ நடத்துவதென்று முடிவாயிற்று. சமவெளியிலிருந்து வந்த குழுவினர் பெஞ்சுகளை வெளியேற்றி ஜமுக்காளம் விரித்தார்கள். குரு காவித் துண்டு அணிந்தார். குத்துவிளக்கு, ஆரத்தி, சமஸ்கிருதப் பஜனை என்று எல்லாம் ஒழுங்காகவே நடந்தன. புல்வெளியில் உறைபனி வெளுத்துக் கிடந்த அந்தக் காலை வேளையில், முழங்கால் வலியுள்ள பாட்டிகள் தரையில் உட்கார முடியாமல் சுவரோரம் நின்றே திருப்பலி கண்டார்கள். முடிந்து வெளியே வந்தபோது, நீலகிரி மலைமக்களான படகர் இனத்துப் பெரியவர் ஒருவர் என்னிடம், “தம்பி, நல்லாத்தான் இருந்தது. ஆனா இது எந்த ஊரு வழக்கம்?” என்று கேட்டார். வழிபாட்டுக் குழுவில் இருந்த எனக்குப் பதில் தெரியவில்லை.

கிறிஸ்தவ இறையியலையும் வழிபாட்டையும் உள்ளூர்ப் பண்பாட்டில் வேரூன்றச் செய்யும் முயற்சியைப் பண்பாட்டுமயமாக்கல் என்கிறோம். முயற்சி சரியானதே, அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அதில் நேரும் தவறுகளில் பெரும்பாலானவை அந்தப் பெரியவரின் கேள்வியை முன்கூட்டியே கேட்டுக்கொள்ளாததால் வருபவை.

அவற்றுள் முதன்மையானது, ஏட்டில் உள்ள பண்பாட்டை மக்களின் பண்பாடாக எடுத்துக்கொள்வது. கத்தோலிக்க ஆயர்களின் இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பின் 1969ஆம் ஆண்டு இந்தியத் திருஅவை கேட்டுப் பெற்ற 12 அனுமதிகளை நினைத்துப் பாருங்கள்: தரையில் அமர்தல், பஞ்சாங்கப் பிரணாமம் (மண்டியிட்டு நெற்றி தரையில் பட வணங்குதல்), கைகூப்பி வணங்குதல், அங்கவஸ்திரம், எண்ணெய் விளக்கு, ஆரத்தி. இவை ஒவ்வொன்றும் அழகானவைதாம். ஆனால் இவற்றில் பெரும்பகுதி உயர்சாதிக் கோயில் மரபிலிருந்தும் ஆசிரம மரபிலிருந்தும் எடுக்கப்பட்டவை. அந்தக் கோயில்களுக்குள் தலைமுறை தலைமுறையாக நுழைய விடப்படாத மக்களே தமிழகத் திருஅவையில் பெரும்பான்மை என்பதை அன்று போதிய அளவு எண்ணிப் பார்க்கவில்லை. இந்தச் சிக்கல் புதியதும் அன்று. 1606இல் மதுரைக்கு வந்த தத்துவ போதகர் என்று அழைக்கப்பட்ட இத்தாலிய இயேசு சபைக் குரு இராபர்ட் தெ நொபிலி காவி உடுத்து, மரக்கறி உண்டு, தமிழிலும் சமஸ்கிருதத்திலும் தேர்ந்து, பெரும் எதிர்ப்புக்குப் பின் 1623இல் உரோமையின் ஒப்புதலையும் பெற்றார். அவருடைய துணிவை யாரும் குறைத்துச் சொல்ல முடியாது. ஆயினும் அந்த முறை சாதி வேற்றுமையையும் கூடவே ஏற்றுக்கொண்டது. ஒடுக்கப்பட்ட மக்களிடையே பணியாற்ற 1640 வாக்கில் பண்டார சுவாமிகள் என்ற தனி வகைத் துறவியரையே அமைக்க வேண்டியிருந்தது. ஆகவே ஒரு வழக்கத்தைப் பீடத்தருகே கொண்டுவருமுன், அது யாரை உள்ளே அழைத்தது, யாரை வெளியே நிறுத்தியது என்று விசாரிக்க வேண்டும். வீணையும் மிருதங்கமும் ‘நம் இசை’ ஆகிவிட்ட கோயில்களில் பறை மட்டும் நெடுங்காலம் சாவுக்குரியதாக வெளியே நின்றது. மதுரை தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் பணியாற்றிய தியோபிலஸ் அப்பாவு கீர்த்தனை மரபை விட்டு நாட்டுப்புற மெட்டுகளில் வழிபாட்டுப் பாடல்களை அமைத்தது இந்த முரணைக் கண்டுதான்.

அடுத்த தவறு மலைவாசிகளான எங்களுக்கே உரியது: சமவெளித் தமிழ் வழக்கத்தைக் கொண்டுவந்தால் உள்ளூர் வழக்கம் வந்துவிட்டதாக நினைப்பது. பொங்கலன்று கோயில் முற்றத்தில் கரும்பு கட்டிப் பானை வைக்கிறோம். கரும்பும் பச்சரிசியும் மேட்டுப்பாளையத்திலிருந்து லாரியில் ஏறி வருகின்றன. உதகை மேட்டில் நெல் விளைவதில்லை. படகர்களின் பழைய தானியங்கள் சாமையும் கேழ்வரகும். அவர்களுடைய அறுவடை விழாவான தெவ்வ ஹப்பா ஆடி மாதத்தை ஒட்டி வருவது. அதற்காகப் பொங்கலை விட்டுவிட வேண்டியதில்லை, ஏனெனில் 1964 இந்திய–இலங்கை ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து திரும்பித் தேயிலைத் தோட்டங்களில் குடியேறிய குடும்பங்களுக்குப் பொங்கல் சொந்த விழா. கூடலூர்ப் பக்கம் போனால் மலையாளம் பேசும் சிரியன் கிறிஸ்தவர்கள். இன்னும் உள்ளே குறும்பர், இருளர், பணியர். ஒரே பங்கில் நான்கு தாய்மொழிகள் இருக்கும்போது ‘உள்ளூர்ப் பண்பாடு’ என்று ஒருமையில் பேசுவதே பிழை. பழனி மலையிலும் இதே நிலைதான்: பளியர், மன்னாடியார், பிற்காலத்தில் குடியேறியவர்கள் என்று ஒவ்வொருவருக்கும் வேறு வழக்கம்.

மூன்றாவது தவறு கொஞ்சம் நுட்பமானது. கற்றவர்களே அதிகம் செய்வது. பிறருடைய வழக்கத்தில் நம் முகத்தையே பார்ப்பது. 1603இல் மலபாரிலிருந்து இயேசு சபைக் குரு பெனிசியோ நீலகிரி மேல் ஏறியதே, மலைமேல் மறைந்துபோன பழங்கிறிஸ்தவர்கள் வாழ்கிறார்கள் என்ற பேச்சை நம்பித்தான். அவர் கண்டதோ எருமைகளையும் பால்மனைகளையும் புனிதமாகப் போற்றிய தோடர்களை. நானூறு ஆண்டு கழிந்தும் நாம் அதே தேடலை வேறு வடிவில் தொடர்கிறோம்.

படகர்களின் இறுதிச் சடங்கில் ‘கரு ஹரசோது’ என்ற பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். பெரியவர் ஒருவர் பாவங்களை வரிசையாகச் சொல்ல, கூடியிருப்பவர்கள் எதிர்க்குரல் கொடுப்பார்கள். பழைய நாளில் அந்தப் பாவங்களைச் சுமந்து செல்லும்படி ஒரு கன்றை விரட்டி விடுவதும் உண்டு. லேவியர் நூல் 16ஆம் அதிகாரத்தின் போக்கு ஆட்டை (மக்களின் பாவங்களைச் சுமத்திப் பாலைநிலத்துக்கு அனுப்பப்பட்ட ஆட்டை) அறிந்தவருக்கு இதைக் கேட்டதும் கை பரபரக்கும். ‘பார்த்தீர்களா, கிறிஸ்துவின் நிழல் இங்கேயே இருக்கிறது’ என்று மறையுரை எழுதிவிடலாம். நானே ஒருமுறை எழுதியிருக்கிறேன். ஆனால் அந்தச் சொல்வரிசையைப் பொறுமையாகக் கேட்டால் வேறு செய்திகள் தெரியும். அது இறந்தவர் ஒருவரின் தனிப்பட்ட பாவ அறிக்கை அன்று. மனிதர் செய்யக்கூடிய குற்றங்களையும் முன்னோர் செய்த குற்றங்களையும் சேர்த்தே ஊர் அவருக்காக விடுவிக்கிறது. அந்த வரிசையில் ஊர்ந்து செல்லும் பாம்பைக் கொன்றதும், பல்லியைக் கொன்றதும், எல்லைக் கல்லை நகர்த்தியதும் பாவங்களாக வருகின்றன. நம் பாவசங்கீர்த்தனத்துக்கான ஆன்மசோதனைக் கேள்விகளில் பல்லிக்கு இடம் உண்டா? ஒப்புமை கண்டு மகிழ்ந்து நின்றுவிட்டால் கற்றுக்கொள்ள வேண்டிய இந்த இடத்தைத் தவறவிடுகிறோம். இறையியலைப் பண்பாட்டில் பொருத்துவது என்றால், நம்மிடம் முன்பே இருக்கும் விடைக்கு உள்ளூர் எடுத்துக்காட்டு தேடுவது மட்டும் அன்று. நாம் கேட்காமல் விட்ட கேள்வியை அவர்களிடம் கேட்டு அறிவதும் அதில் அடங்கும்.

பொருள் அறியாமல் பொருட்களை எடுப்பதும் இதன் உடன்பிறப்பே. தோடர் பெண்கள் வெள்ளைத் துணியில் சிவப்பும் கறுப்புமாகத் தையல் வேலை செய்யும் புத்துக்குளி இன்று கடைகளில் பரிசுப் பொருளாகிவிட்டது. ஒரு விழாவில் அதைப் பீட விரிப்பாகப் போட்டிருந்தார்கள். அங்கே வந்திருந்த தோடர் மூதாட்டி ஒருவர் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, “நாங்க இத மேல போத்திக்குவோம், செத்தவங்களுக்கும் போத்துவோம். மேசைக்குப் போடமாட்டோம்” என்று சொன்னார். கோபமாகச் சொல்லவில்லை, அதனால்தான் எங்களுக்குக் கூடுதலாக உறுத்தியது. அவரிடம் ஒரு வாரம் முன்பே கேட்டிருந்தால், இறந்தோரையும் போர்த்தும் துணிக்குப் உயிர்ப்புப் பெருவிழாவின் பாஸ்கா இரவில் எத்தகைய இடம் தரலாம் என்று அவரோடு சேர்ந்தே யோசித்திருக்கலாம்.

சொற்களைப் பற்றிச் சுருக்கமாக. ஒருமுறை மொழிபெயர்த்துவிட்டால் வேலை முடிந்தது என்று எண்ணக் கூடாது. தமிழில் இறைவனுக்கான சொல்லே சர்வேசுரன், பராபரன், தேவன், கடவுள் என்று மாறி வந்திருக்கிறது. விவிலியத்தின் 1871ஆம் ஆண்டுத் திருத்தம் ‘தேவன்’ என்றதையும் 1995ஆம் ஆண்டுப் பொது மொழிபெயர்ப்பு ‘கடவுள்’ என்றதையும் பக்கத்துப் பக்கத்துக் கோயில்களில் இன்றும் கேட்கலாம். தமிழையே இரண்டாம் மொழியாகக் கேட்கும் படகர் வீட்டில் செபம் எந்த மொழியில் நெஞ்சைத் தொடுகிறது என்பது இன்னொரு கேள்வி.

அவசரமும் ஒரு தவறு. கொடைக்கானல் பாதையில் பெருமாள்மலையில் 1996 முதல் இயங்கிவரும் போதி ஜெண்டோ என்னும் ஜென் தியான மையத்தை நிறுவிய இயேசு சபைக் குரு ஆமா சாமி, ஜப்பானில் ஜென் குரு யமதா கோவுனிடம் ஆண்டுக்கணக்கில் மாணவராக இருந்து பயின்ற பின்னரே ஜென் கற்பிக்கத் தொடங்கினார். அவருடைய வழி எல்லாருக்கும் உடன்பாடானது அன்று. ஆனால் இருநாள் கருத்தரங்கு முடித்துத் திரும்பி, ஞாயிறன்று தியானத் திருப்பலி நடத்துகிறவர்கள் அந்த ஆண்டுகளை எண்ணிப் பார்க்க வேண்டும்.

இன்னொரு வகையினர் பண்பாட்டை அருங்காட்சியகத்தில் வைத்துவிடுகிறார்கள். மலை என்றால் குறிஞ்சித் திணை என்று, தேனும் தினையும் மூங்கிலும் கொண்டு பீடம் அலங்கரித்த குழு ஒன்றைப் பார்த்திருக்கிறேன். எதிரே உட்கார்ந்திருந்தவர்கள் தேயிலை பறிப்பவர்கள், கேரட் விளைவிப்பவர்கள், வங்கிக் கடன் கட்டுபவர்கள். அவர்கள் பிள்ளைகள் கீபோர்டு வாசிக்கிறார்கள். வெள்ளைக்காரர்கள் ஊட்டியில் 1830இல் கட்டிய புனித ஸ்தேவான் ஆலயத்தின் உத்திரங்கள் ஸ்ரீரங்கப்பட்டணத்துத் திப்பு சுல்தான் அரண்மனையிலிருந்து வந்தவை. இந்த மலையில் ‘கலப்பற்ற’ மரபைத் தேடுவோர் முதலில் அண்ணாந்து கூரையைப் பார்க்கலாம்.

மக்கள் தாமாகவே செய்துகொண்டதைக் கவனிக்காமல் விடுவதுதான் எனக்கு மிகவும் வருத்தம் தருவது. மே 3ஆம் நாள் உதகையில் காந்தல் குருசடித் (சிலுவைத் திருத்தலத்தின்) திருவிழாவுக்குப் போய் ஓரமாக நின்று பாருங்கள். எந்த ஆணையத்தின் அறிக்கையும் இல்லாமல் மொழி கடந்து மக்கள் சிலுவையடியில் கூடுகிறார்கள். எங்கள் ஊர் அறுப்பின் பண்டிகையில் நெற்கதிர் கிடையாது. பீடத்துக்கு முன்னே மண் ஒட்டிய கேரட் கட்டுகள், முட்டைக்கோசு, பீட்ரூட், ஒரு சாக்கு உருளைக்கிழங்கு, அரைக்கிலோ தேயிலைப் பொட்டலம் எல்லாம் குவிந்திருக்கும். ஆராதனை முடிந்து ஏலம் தொடங்கும். நாற்பது ரூபாய் பெறாத முட்டைக்கோசை ஒருவர் ஐந்நூறுக்கு எடுத்து, “மறுபடி ஏலம் விடுங்க” என்று திருப்பி வைப்பார். அது இன்னும் இரண்டு கை மாறி, கடைசியில் கணவனை இழந்த பெண்ணொருத்தியின் பையில் போய்ச் சேரும். எங்கள் குழுவின் திட்டப் பதிவேட்டில் ஆரத்திக்கு மூன்று பக்கம் உண்டு. இந்த ஏலத்தைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.