மதில் மேல் ஓணான்: தசை இழைகளை வீட்டிலிருந்தே படிக்கலாம்

இதற்கு ஆய்வுக்கூடம் வேண்டாம், ஓணானைப் பிடிக்கவும் வேண்டாம் (சின்ன வயதில் ஈர்க்கில் சுருக்குப் போட்டுப் பிடித்தவர்கள் கையைக் கட்டிக்கொள்ளவும்). பூசாத செங்கல் மதில், ஸ்லோமோஷன் உள்ள போன், ஒரு வெப்பமானி போதும்.

முதலில் சும்மா பாருங்கள். காலை வெயிலில் முன்னங்காலை ஊன்றி, தலையைத் தூக்கிக்கொண்டு அசையாமல் கிடக்கும். அப்படித் தாங்கி நிற்பது மெதுவான தசை இழைகளின் வேலை. அதில் டோனிக் என்று ஒரு வகை உண்டு. அது வெடுக்கென்று சுருங்காது, நரம்பு திரும்பத் திரும்பத் தட்டத் தட்டக் கொஞ்சம் கொஞ்சமாக இறுகி, குறைந்த செலவில் அப்படியே பிடித்து நிற்கும்.

அடுத்து, கிட்டே போங்கள். விருட்டென்று ஓடும். அது வேக இழை. அதிலும் வெளுத்தது ஆக்சிஜனுக்குக் காத்திராமல் கிளைக்கோஜனை (தசையில் சேமித்து வைத்த சர்க்கரைச் சத்து) உடைத்து வேலை செய்யும், சீக்கிரம் களைத்துவிடும். சிவந்தது ஆக்சிஜனை வைத்துக் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். கோழியில் நெஞ்சுக்கறி வெளுத்தும் கால்கறி சிவந்தும் இருக்குமே, கிட்டத்தட்ட அந்தக் கதைதான். அமெரிக்கப் பாலைவன இகுவானா என்ற பல்லியின் தொடையில் ஒரே தசைக்குள் வெளுத்த பகுதி தனியாக, சிவந்த இழையும் டோனிக்கும் கலந்த பகுதி தனியாக இருக்கின்றன.

இனி அளவெடுப்பு. ஒரு செங்கல் 9 அங்குலம், சுமார் 23 செ.மீ.; சாந்தையும் சேர்த்து டேப் வைத்துப் பார்த்துவிடுங்கள். நொடிக்கு 240 பிரேமில் எடுத்து, மூன்று செங்கலைத் தாண்ட எத்தனை பிரேம் என்று எண்ணுங்கள். 120 என்றால் அரை நொடி, அதாவது வேகம் நொடிக்கு ஏறக்குறைய 1.4 மீட்டர்.

காலையில் ஒன்று, உச்சி வெயிலில் ஒன்று எடுங்கள், இரண்டு தடவையும் வெப்பமானியால் மதிலின் சூட்டைக் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டிலும் ஒரே அளவு ஓணானாகப் பாருங்கள், குட்டியையும் கிழத்தையும் ஒப்பிட்டால் கணக்கு கெட்டுவிடும். மதிலின் சூடு ஓணானின் உடம்புச் சூடு அல்லதான், ஆனால் ஆரம்பத்துக்கு அது போதும்.

சரி, குளிர்ந்த காலையில் மெதுவாகவும் வெயிலில் வேகமாகவும் ஓடுகிறதே, ஏன் இந்த வித்தியாசம்? உடம்புச் சூடு 10 டிகிரி இறங்கினால் பல்லிகளின் தசை சுருங்கும் வேகம் ஏறக்குறைய பாதியாகிவிடும், இழுக்கும் விசை மட்டும் அவ்வளவாகக் குறையாது. விசையை வேகத்தால் பெருக்கினால்தானே திறன், அதனால் திறனும் சரிந்துவிடுகிறது.

குளிர்ந்த காலையில் ஓணான் ஓடாமல் நின்று வாயைப் பிளந்தால் அந்த வீடியோவை அழித்துவிடாதீர்கள். ஓணான் குடும்பத்துப் பல்லிகள் சில, உடம்பு குளிர்ந்திருக்கும்போது ஓடுவதை விட்டுவிட்டு எதிர்த்து நிற்பதைப் பார்த்து எழுதியிருக்கிறார்கள். நேரத்தையும் வெப்பநிலையையும் குறித்து வையுங்கள், விரலை மட்டும் கிட்டே கொண்டுபோகாதீர்கள்.