சுங்கை கிளா வெந்நீர் ஊற்று: சிங்கப்பூரிலிருந்து கூட்டமில்லாமல் போய் வர

வெந்நீர் ஊற்று என்றாலே நம்மவர்களுக்கு முதலில் ஜப்பான்தான் ஞாபகம் வருகிறது. நான்கு பேர் குடும்பத்துக்கு விமானச் சீட்டுக்கே எவ்வளவு ஆகும் என்று கணக்குப் போட்டதும் பேச்சு அதோடு நின்றுவிடும். காரில் ஒரு நாளைக்குள் போய்ச் சேரக்கூடிய தூரத்தில், தித்திவாங்சா மலைத்தொடரின் அடிவாரத்தில், மலேசியாவின் பேராக் மாநிலத்தில் சுங்கை கிளா இருக்கிறது. பக்கத்து ஊர் சுங்காய். அம்மாவுக்கு முட்டிவலி என்று முதல்முறை அங்கே கூட்டிப் போனோம், இதுவரை நான்கு முறை ஆகிவிட்டது. யாராவது கேட்டால் ஒவ்வொரு முறையும் வாட்ஸ்அப்பில் துண்டு துண்டாக எழுதி அனுப்புவேன், இப்போது மொத்தமாக எழுதுகிறேன்.

முதலில், வார நாளில் போங்கள். செவ்வாய், புதன், வியாழன் நல்லது. சிங்கப்பூர்ப் பள்ளி விடுமுறையை மட்டும் பார்த்தால் போதாது, மலேசியப் பள்ளி விடுமுறையையும் அங்குள்ள பொது விடுமுறைகளையும் பார்க்க வேண்டும், இரண்டும் ஒத்துவராது. நாங்கள் ஒருமுறை இதைப் பார்க்காமல் சனிக்கிழமை போய், குளத்தில் கால் வைக்க இடமில்லாமல் ஓரமாக உட்கார்ந்திருந்துவிட்டு வந்தோம். அதே இடத்துக்கு ஒரு புதன்கிழமை காலையில் போனபோது மரத்துக்கு மரம் பறவைச் சத்தம், தண்ணீரிலிருந்து எழும் ஆவி, எங்களைத் தவிர இரண்டு வயதான தம்பதிகள், அவ்வளவுதான். இரண்டு நாள் விடுப்பு எடுக்க முடியாதென்றால் இந்தப் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள் என்றுதான் சொல்வேன்.

தூரம் ஏறக்குறைய 460 கிலோமீட்டர். போகும் வழியில் நெரிசல் இல்லையென்றால் ஐந்தரை, ஆறு மணி நேரம். விடியற்காலை ஐந்து மணிக்குள் உட்லண்ட்ஸையோ துவாஸையோ கடந்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. குடிநுழைவில் கடவுச்சீட்டுகளை ஒவ்வொன்றாக நீட்டாமல், சிங்கப்பூர்க் குடிநுழைவு ஆணையத்தின் மைஐசிஏ செயலியில் குடும்பத்துக்கு ஒரே கியூஆர் குறியீடு எடுத்துவைத்துக்கொண்டால் சிங்கப்பூர்ப் பக்கம் சீக்கிரம் முடியும். பிறகு வடக்கு-தெற்கு நெடுஞ்சாலைதான். நீலாயிக்குப் பக்கத்தில் எலைட் நெடுஞ்சாலைக்குப் பிரிந்து ஷா ஆலம் வழியாகப் போனால் கோலாலம்பூர் நகர நெரிசலுக்குள் மாட்ட வேண்டியதில்லை. வடக்கே ரவாங், தஞ்சோங் மாலிம், சிலிம் ரிவர் தாண்டி சுங்காய் வெளிவழி. அதன்பிறகு செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே சிறிய சாலை, எதிரே மலை தெரிய ஆரம்பித்துவிடும்.

காரோடு போகிறவர்கள் கவனிக்க வேண்டியவை சில உண்டு. சிங்கப்பூர் வண்டி என்றால் புறப்படும்போது பெட்ரோல் தொட்டியில் முக்கால் பங்காவது இருக்க வேண்டும். வெளிநாட்டு வண்டிகள் மலேசியாவுக்குள் நுழைவதற்கான வி.இ.பி. அனுமதி ஒட்டியிருக்க வேண்டும், 2025 ஜூலை 1 முதல் அது இல்லாத வெளிநாட்டு வண்டிக்கு 300 ரிங்கிட் அபராதம். மலேசியாவில் எண்ணெய் போடும்போது ரோன் 95 நம் வண்டிகளுக்கு அனுமதி இல்லை, ரோன் 97தான் போட வேண்டும். டச் அண்ட் கோ அட்டையில் பணம் ஏற்றி வையுங்கள், போகவர சாலைக் கட்டணம் நிறைய பிடிக்கும். அப்புறம், சிங்கப்பூர்க் குடிமக்களுக்கு மலேசியாவின் டிஜிட்டல் வருகை அட்டை தேவையில்லை, ஆனால் இந்தியக் கடவுச்சீட்டோடு இங்கே நிரந்தரவாசியாகவோ வேலை அனுமதியிலோ இருப்பவர்கள் போவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் அதை இணையத்தில் நிரப்பியாக வேண்டும். ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மாவைக் கூட்டிப் போகிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

கார் இல்லாதவர்கள் கோலாலம்பூர் வரை பேருந்தில் போய், அங்கிருந்து இடிஎஸ் ரயிலில் சுங்காய் போகலாம், ஆனால் எல்லா ரயிலும் அங்கே நிற்காது. சுங்காய் நிலையத்தில் இறங்கியதும் செயலியில் கார் கிடைக்கும் என்று நம்பி நிற்காதீர்கள், தங்குமிடத்தில் முன்பே பேசி வண்டி ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.

தங்கல் விஷயத்துக்கு வருகிறேன். வளாகத்துக்குள்ளேயே குடில்கள் இருக்கின்றன. கட்டணம் கொஞ்சம் கூடினாலும் ஒரு இரவாவது அங்கேயே தங்குங்கள், ஏனென்றால் ஒருநாள் பயணமாக வருகிறவர்கள் பெரும்பாலும் பத்து மணிக்கு மேல்தான் வந்து சேர்வார்கள், அதற்கு முந்தைய நேரம்தான் அந்த இடத்தின் உண்மையான அழகு. மலிவாக முடிக்க வேண்டுமென்றால் சுங்காயிலோ பீடோரிலோ சாதாரண அறை எடுத்து, காலையில் கதவு திறக்கும் நேரத்துக்குப் போய் நிற்கலாம். எதுவானாலும் புறப்படுவதற்கு முன் போன் செய்து எந்தெந்தக் குளங்கள் திறந்திருக்கின்றன, பராமரிப்பு வேலை ஏதும் நடக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். வேண்டுமென்றால் வெந்நீரை மலாயில் "ஆயிர் பானாஸ்" என்று சொல்லிக் கேளுங்கள், எல்லோருக்கும் புரியும்.

இந்தச் சூடு எங்கிருந்து வருகிறது என்று பிள்ளைகள் நிச்சயம் கேட்பார்கள். எரிமலை இல்லை. மழைத் தண்ணீர் கருங்கல் பாறையின் பிளவுகள் வழியாக ஆழத்துக்கு இறங்கி, அங்குள்ள பூமிச் சூட்டில் காய்ந்து, வேறொரு பிளவு வழியாக மேலே வருகிறது. நம்ம செம்பவாங் ஊற்றும் எரிமலையால் சூடானது இல்லை. சொல்லப்போனால், முதலில் செம்பவாங் வெந்நீர் ஊற்றுப் பூங்காவில் ஒரு காலைப்பொழுது உட்கார்ந்து பாருங்கள். 2020 ஜனவரியில் புதுப்பித்துத் திறந்தார்கள், கட்டணம் கிடையாது, கென்பரா எம்ஆர்டியிலிருந்து நடந்தே போகலாம். ஊற்றில் 70 டிகிரி, படிப்படியாக ஆறி வரும் தொட்டியில் கால் மட்டும் வைக்கலாம். வீட்டில் யாருக்கு எவ்வளவு சூடு ஒத்துக்கொள்கிறது என்று அங்கேயே தெரிந்துவிடும்.

சுங்கை கிளாவில் ஊற்றுக்கண் இருக்கும் இடத்தில் முட்டை வேகும் அளவுக்குக் கொதிக்கிறது, அதற்கென்றே தனி இடம் விட்டிருக்கிறார்கள். அங்கே கை வைக்கவே கூடாது, சின்னப் பிள்ளைகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு போங்கள். குளிப்பதற்கான குளங்கள் வேறு, ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு சூடு. நேராகக் கழுத்து வரை இறங்காமல் முதலில் பாதம், பிறகு முழங்கால், உடம்பு பழகியதும் இடுப்பு வரை. பத்துப் பதினைந்து நிமிடத்தில் எழுந்து வந்து நிழலில் உட்கார்ந்து தண்ணீர் குடியுங்கள், பிறகு வேண்டுமானால் மறுபடி இறங்கலாம். எங்கள் மச்சான் வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு நாற்பது நிமிடம் உட்கார்ந்திருந்தார், எழுந்தபோது தலைசுற்றி அப்படியே சரிந்துவிட்டார். நல்லவேளை பக்கத்தில் ஆள் இருந்தது. வெந்நீரில் இரத்தக்குழாய் விரிந்து இரத்த அழுத்தம் இறங்கும், திடீரென்று எழுந்தால் இப்படித்தான் ஆகும்.

இரத்த அழுத்தத்துக்கும் இதயத்துக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள், கர்ப்பமாக இருப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இறங்க வேண்டாம். நீண்ட நாள் சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குப் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கலாம், சுடுவது தெரியாமல் கொப்புளம் வந்துவிடும். அதனால் அம்மா இறங்குவதற்கு முன் நான் முழங்கையை விட்டுப் பார்ப்பேன். தலையைத் தண்ணீருக்குள் முக்காதீர்கள், மூக்கில் ஏற்றாதீர்கள், பிள்ளைகளுக்கும் சொல்லிவையுங்கள்: மூக்கு வழியாக மூளைக்குப் போகும் ஒருவகை அமீபா சூடான நன்னீரில் வளரக்கூடியது, மிக அரிது என்றாலும் வந்தால் பிழைப்பது கடினம். ஆறாத புண் இருந்தால் கரையில் உட்கார்ந்திருப்பதே நல்லது.

வெள்ளிக் கொலுசு, மெட்டி எல்லாவற்றையும் அறையிலேயே கழற்றி வையுங்கள், கந்தகம் பட்டால் கறுத்துவிடும். உடை விஷயத்தில் ஜப்பானிய வழக்கம் இங்கே கிடையாது, எல்லோரும் உடையோடுதான் இறங்குவார்கள். மலாய்க் குடும்பங்கள் நிறைய வரும் இடம், டீ-சட்டையும் முழங்கால் வரை வரும் நீச்சல் கால்சட்டையும் போதும். வழுக்காத செருப்பு, இரண்டு துண்டு, கொசுமருந்து, ஆளுக்கு ஒரு பெரிய தண்ணீர் போத்தல் எடுத்துக்கொள்ளுங்கள். முட்டையை ஒரு சின்னக் கூடையோடு கொண்டு போனால் அங்கே தேட வேண்டியதில்லை. சோளம் போட்டாலும் நன்றாக வெந்துவிடும், அம்மா கொஞ்சம் உப்பும் மிளகுத்தூளும் மடித்துக்கொண்டு வருவார், சூடாக உரித்த முட்டையில் தூவிச் சாப்பிட அவ்வளவு ருசி.

ஆவி பறக்கும் தண்ணீரைப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் ஓடும் குளிர்ந்த ஆற்றில் காலை நனைத்தால் சுகமாகத்தான் இருக்கும். ஆனால் மதியத்துக்கு மேல் மலையில் மழை பெய்யும், நீங்கள் நிற்கும் இடத்தில் வெயிலாகவே இருக்கும். தண்ணீர் திடீரென்று கலங்கலாகி, இலையும் குச்சியுமாக அடித்துக்கொண்டு வந்தால் அடுத்த நொடி மேட்டுக்கு ஏறிவிடுங்கள். மலேசியாவில் இதை "கெப்பாலா ஆயிர்" என்பார்கள், உயிர்கள் போயிருக்கின்றன. அக்டோபர், நவம்பரில் மழை அதிகம், ஆற்றுப்பக்கமே போக வேண்டாம்.

இரண்டாவது இரவும் இருக்க முடிந்தால், சுங்காயிலிருந்து பீடோர் வழியாகத் தாப்பா போய், மலைப்பாதையில் கேமரன் மலைக்கு ஏறலாம். தாப்பா பாதையில் வளைவுகள் அதிகம், வாந்தி வரும் பிள்ளைகளுக்கு முன்பே மாத்திரை கொடுத்துவிடுங்கள். கேமரன் வேண்டாம் என்றால் பீடோரிலேயே நிறுத்தி கொய்யா வாங்குங்கள், அந்த ஊர் அதற்குத்தான் பெயர்போனது. திரும்பும் நாள் வெள்ளி மாலையாக இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நாங்கள் வியாழன் காலைக் குளியலை முடித்து, பதினொரு மணிக்கு அறையைக் காலிசெய்து, பாகோ ஓய்வுத்தலத்தில் ஒரு டீ குடித்துவிட்டு, இரவு எட்டு மணிக்கெல்லாம் ஈசூன் வீட்டில் இருந்தோம்.